விடியுமுன் 4.15 மணிக்கும் சரியாக ஓட வேண்டும்: பிரௌசர் பக்கக் கோடுக்கு டெஸ்ட் எழுதுவது

சர்வரில் ஓடுகிற கோடுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. எந்த மெஷின், எந்தப் பதிப்பு, எந்த டைம்சோன் என்பதெல்லாம் நம் கையில் இருக்கும். பிரௌசரில் ஓடுகிற கோடுக்கு அது கிடையாது. பாளையங்கோட்டையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறோம். அது ஓடுவதோ சங்கரன்கோவில் பக்கம் ஒரு பூக்கடையில், திரை கீறிப்போன ஆண்ட்ராய்டு போனில், விடியுமுன், ஒற்றைப் புள்ளி சிக்னலில். அந்த நேரம், அந்த சிக்னல், அந்தக் கீபோர்டு மூன்றையும் டெஸ்டுக்குள், அதாவது கோட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் இன்னொரு கோடுக்குள், கொண்டுவருவதுதான் இதில் முக்கால்வாசிச் சோலி. கூட்டல் கழித்தல் சரிபார்ப்பது மீதிக் கால்வாசி.

பேச வசதியாக ஒரே ஒரு பக்கத்தை வைத்துக்கொள்வோம். பூக் கமிஷன் கடைக்கான சிட்டைப் பக்கம். விவசாயி பெயர், பூ வகை (மல்லி, பிச்சி, கேந்தி, அரளி, சம்பங்கி), எடை, கிலோ விலை, கமிஷன் சதவீதம், ‘சேமி’ என்று ஒரு பட்டன். கீழே மொத்தம், கமிஷன், விவசாயிக்குச் சேர வேண்டிய தொகை. ரியாக்டில் எழுதினாலும் வியூவில் எழுதினாலும் வெறும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதினாலும் இங்கே சொல்வது பொருந்தும். கருவிகள்: வீடெஸ்ட் (டெஸ்டுகளை ஓட்டுவது), ஜேஎஸ்டாம் (பிரௌசர் இல்லாமலே பக்கத்தைப் போலச் செய்வது), டெஸ்டிங் லைப்ரரி (பக்கத்தில் உள்ளதைத் தேடிச் சரிபார்ப்பது), மாக் சர்வீஸ் ஒர்க்கர் (சர்வர் பதிலைப் போலச் செய்வது), கடைசியாகப் பிளேரைட் (உண்மைப் பிரௌசரையே ஓட்டிப் பார்ப்பது). ஏற்கெனவே ஜெஸ்டில் (வீடெஸ்ட் மாதிரியே இன்னொரு கருவி) இருப்பவர்கள் அதிலேயே இருக்கலாம், மாறியே தீர வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை.

கணக்கைத் திரையிலிருந்து பிரியுங்கள்

பட்டனின் கிளிக் ஃபங்ஷனுக்குள்ளேயே எடையைப் படித்து, பெருக்கி, கமிஷன் கழித்து, திரையில் எழுதி, சர்வருக்கும் அனுப்புகிற கோட் நம் ஊரில் ஏராளம். அதை டெஸ்ட் செய்ய முழுப் பக்கத்தையும் எழுப்ப வேண்டும். கணக்கை மட்டும் தனி ஃபைலுக்கு எடுத்துவிடுங்கள். உள்ளே போவது எடை, விலை, சதவீதம். வெளியே வருவது மொத்தம், கமிஷன், நிகரம் (விவசாயிக்குச் சேருவது). அந்த ஃபைலில் டாகுமென்ட், விண்டோ, ஃபெட்ச், டேட் (பக்கம், பிரௌசர், நெட், கடிகாரம் ஆகியவற்றைத் தொடுபவை) ஆகிய நான்கு பெயர்களும் தலைகாட்டக் கூடாது. இந்த ஒரு கட்டுப்பாட்டை வைத்தாலே பாதி டெஸ்டுகளுக்குப் பிரௌசரே தேவைப்படாது.

பணத்தை ரூபாயில் தசமமாக வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 64 பிட் மிதவைப் புள்ளி எண். கூலி 4 ரூபாய் 35 பைசா என்று 4.35-ஐ 100-ஆல் பெருக்கினால் 435 வராது, 434.99999999999994 வரும். அதை மாத்-புளோரில் (தசமத்தை வெட்டிவிடும் ஃபங்ஷன்) போட்டால் ஒரு பைசா காணாமல் போகும். 1.005-ஐ டூ-ஃபிக்ஸடில் இரண்டு இலக்கத்துக்குக் கேட்டால் 1.01 கிடைக்காது, 1.00 கிடைக்கும். எடையைக் கிராமாகவும் பணத்தைப் பைசாவாகவும் முழு எண்ணில் வையுங்கள். 2 கிலோ 350 கிராம் மல்லி, கிலோ 640 ரூபாய் என்றால் 2350-ஐ 64000-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுக்க 150400 பைசா. கமிஷன் 10 சதவீதம் 15040 பைசா. விவசாயிக்கு 135360 பைசா, அதாவது ரூ. 1,353.60. முதல் டெஸ்டுக்கு இந்த எண்களே போதும். ஆனால் எதிர்பார்க்கும் விடையைக் கையால் கணக்குப் போட்டு எழுதுங்கள். அதே ஃபங்ஷனை ஓட்டி வந்த விடையைக் காப்பி செய்து ஒட்டினால், கோட் என்ன சொல்கிறதோ அதுவே சரி என்று டெஸ்டும் தலையாட்டும்.

உண்மையான வில்லங்கம் ரவுண்டிங்கில் இருக்கிறது. மொத்தம் ரூ. 123.45, அதாவது 12345 பைசா என்று வையுங்கள். 10 சதவீதக் கமிஷன் 1234.5, ரவுண்டு செய்தால் 1235. மீதி 90 சதவீதம் 11110.5, ரவுண்டு செய்தால் 11111. இரண்டையும் கூட்டினால் 12346. இல்லாத ஒரு பைசா எங்கிருந்தோ முளைத்துவிட்டது. ஒரு சிட்டையில் யாரும் கவனிக்க மாட்டார்கள். மாசக் கடைசியில் பேரேட்டோடு ஒப்பிடும்போது பற்றும் வரவும் ஒத்துப்போகாது. கமிஷனை மட்டும் ரவுண்டு செய்து, நிகரத்தை மொத்தத்திலிருந்து கழித்து எடுப்பதுதான் முறை.

இப்படிப்பட்ட பிழையைப் பிடிக்க, தேர்ந்தெடுத்த நான்கு உதாரணம் போதாது. எந்த எண் வந்தாலும் உடையக் கூடாத விதி ஒன்றைச் சொல்லுங்கள்: கமிஷனும் நிகரமும் சேர்ந்தால் மொத்தம். ஃபாஸ்ட்-செக் என்கிற லைப்ரரி அந்த விதிக்குத் தற்செயலான எண்களை, தானாகவே 100 முறை, கொடுத்துப் பார்க்கும். உடைந்தால், உடைத்த எண்ணை முடிந்தவரை சிறியதாகச் சுருக்கிக் காட்டும். மேலே சொன்ன தப்பு 5 பைசாவிலேயே தெரிந்துவிடும்: கமிஷன் 1, நிகரம் 5, கூட்டினால் 6. மொத்தம் 12345 என்று பார்த்தால் புரியாதது 5 என்று பார்த்தால் பளிச்சென்று புரியும்.

டைப் செய்ததை எண்ணாக மாற்றும் இடத்துக்கும் தனி ஃபங்ஷன், தனி டெஸ்ட். ‘1,250’ என்று காற்புள்ளி போட்டு விலை அடிப்பது நம் ஆட்களுக்குப் பழக்கம். பார்ஸ்-ஃபுளோட்டுக்கு அதைக் கொடுத்தால் காற்புள்ளியிலேயே நின்று 1 என்று தரும். ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய் மல்லி ஒரு ரூபாய்க்குப் போய்விட்டது! நம்பர் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் எண்ணே இல்லை என்று சொல்லும், அது தேவலை. ஆனால் அதே ஃபங்ஷன் காலிப் பெட்டியைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். உள்ளீட்டுப் பெட்டியின் வகையை ‘நம்பர்’ என்று வைத்தால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்: செல்லாததை அடித்தால் பிரௌசர் காலி எழுத்தைத்தான் நம் கையில் தரும், காலி மறுபடியும் பூஜ்யமாகும். ஆக இந்த ஃபங்ஷனுக்கு வேண்டிய டெஸ்டுகள்: காலி, வெறும் இடைவெளி, காற்புள்ளி, இரண்டு புள்ளி, மைனஸ், தமிழ் எண்ணான ‘௧௨’, மூன்றுக்கு மேல் தசம இலக்கம் கொண்ட எடை. ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று கடைக்கார அண்ணாச்சியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அதைக் கோட் எழுதுகிறவர் தாமாக முடிவு செய்வது சரியில்லை.

அதிகாலைத் தேதி

பக்கத்தில் உள்ள பிழைகளிலேயே இதுதான் நைசாக ஒளிந்திருக்கும். இன்றைய தேதி வேண்டும் என்றால் டூ-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங்கை அழைத்து முதல் பத்து எழுத்தை வெட்டி எடுப்பது பரவலான பழக்கம். அந்த ஃபங்ஷன் தருவது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் கூடுதலாகக் காட்டும். அதனால் காலை 5.30-க்கு முன்னால் போடுகிற ஒவ்வொரு சிட்டையிலும் முந்தின நாள் தேதி விழும். 2025 ஜனவரி 14, தைப்பொங்கல் அன்று காலை 4.15-க்கு விற்ற பூவுக்கு யூடிசிப்படி 13-ஆம் தேதி இரவு 10.45. விலை உச்சத்தில் இருக்கும் நாளின் விற்பனை முந்தின நாள் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

காலை பத்து மணிக்கு ஆபீஸ் வந்து டெஸ்ட் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. டெஸ்டுகளைத் தானாக ஓட்டித்தரும் கிட்ஹப் ஆக்ஷன்ஸிலும் தெரியாது, ஏனென்றால் அந்த மெஷின்கள் யூடிசியில் ஓடுகின்றன. உள்ளூர்த் தேதியும் யூடிசித் தேதியும் அங்கே ஒன்றுதான். எல்லாம் பச்சை, அதாவது பாஸ்.

சரி செய்ய இரண்டு வேலை. முதலாவது, தேதியைக் கணக்கிடும் ஃபங்ஷன் ‘இப்போது’ என்பதைத் தானே கேட்டுக்கொள்ளாமல் வெளியிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் மொழி, ஊர் வழக்கங்களைக் கவனிக்கும் பகுதியான இண்டலின் டேட்-டைம்-ஃபார்மட்டில் டைம்சோனை ஆசியா/கொல்கத்தா என்று வெளிப்படையாகக் கொடுத்து, ஃபார்மட்-டூ-பார்ட்ஸ் மூலம் வருடம், மாதம், நாளைத் தனித்தனியாக எடுத்து நாமே கோர்த்துக்கொள்ள வேண்டும். போனின் டைம்சோனை நம்பக் கூடாது. கடைக்காரரின் மகன் துபாயில் இருந்துகொண்டு கணக்குப் பார்ப்பது தென்காசி, மேலப்பாளையம் பக்கம் சர்வ சாதாரணம். இங்கே நள்ளிரவு 12.30 என்றால் அங்கே இரவு 11 மணி, முந்தின நாள். இருவர் திரையிலும் ஒரே தேதி வர வேண்டும்.

இரண்டாவது, டெஸ்டில் கடிகாரத்தை நிறுத்தி வைப்பது. வீடெஸ்டில் செட்-சிஸ்டம்-டைமை அழைத்து நேரத்தைக் கொடுத்தால் போதும். ஃபேக் டைமர் (நாம் நகர்த்தினால் மட்டும் நகரும் போலி டைமர்) போடாதவரை அது தேதியை மட்டும்தான் மாற்றும். டிபவுன்ஸ் (அடிப்பது நிற்கும்வரை காத்திருந்து ஓடுவது) மாதிரி காத்திருக்கும் வேலைகளுக்குத்தான் ஃபேக் டைமர் வேண்டும். ஃபேக் டைமரையும் யூசர்-ஈவென்டையும் (பயனாளியின் கிளிக், டைப் ஆகியவற்றைப் போலச் செய்யும் லைப்ரரி) ஒன்றாகப் போட்டால் டெஸ்ட் அப்படியே தொங்கிவிடும். யூசர்-ஈவென்ட் ஒவ்வொரு செயலுக்கும் நடுவே ஒரு டைமருக்காகக் காத்திருக்கும், டைமரோ ஓடாது. யூசர்-ஈவென்டின் செட்அப்பில் அட்வான்ஸ்-டைமர்ஸ் என்ற ஆப்ஷனுக்கு வீடெஸ்டின் நேரம் நகர்த்தும் ஃபங்ஷனைக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் தீரும். டெஸ்ட் முடிந்ததும் உண்மைக் கடிகாரத்துக்குத் திருப்புவதை மறந்தால் அடுத்த டெஸ்ட் பொங்கலன்றே நிற்கும்.

டெஸ்ட் ஓடும் மெஷினின் டைம்சோனை டிஇசட் என்ற சூழல் மாறியில், நோட் (பிரௌசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது) தொடங்கும் முன்பே கொடுங்கள். முழுத் தொகுப்பையும் யூடிசியில் ஒரு முறை, கொல்கத்தாவில் ஒரு முறை ஓட்டுவது என் சிபாரிசு. செலவு சில நொடி.

நம் எழுத்து செய்யும் வேலை

ஆங்கில உதாரணங்களை வைத்தே டெஸ்ட் எழுதுகிற பழக்கத்தால் தமிழ்ப் பயனாளிகளுக்கு வரும் பிழைகள் தப்பித்துவிடுகின்றன. ‘திருநெல்வேலி’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டின் லெங்க்த் 12 என்று சொல்லும், உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் தனியாக எண்ணுவதால். பெயர்ப் பெட்டிக்கு மேக்ஸ்-லெங்க்த் 20 என்று வைத்தால் தமிழில் பத்துப் பன்னிரண்டு எழுத்திலேயே அடைத்துக்கொள்ளும். எழுத்துகளை உண்மையாக எண்ண இண்டல்-செக்மென்டர் இருக்கிறது. ஃபயர்பாக்ஸிலும் 2024 முதல் வந்துவிட்டது. பெயரைச் சுருக்கி மூன்று புள்ளி வைக்கிற ஃபங்ஷன் இருந்தால் அதற்குக் கட்டாயம் ஒரு டெஸ்ட்: ‘நெல்லை’யை வெட்டும்போது கொம்பும் புள்ளியும் தனியே தொங்கக் கூடாது.

தேடல் இன்னொரு பொறி. ‘சங்கரன்கோவில்’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். மூன்று சமக்குறி போட்டு ஒப்பிட்டால் பொய் என்று வரும். பழைய ஃபைலிலிருந்து எடுத்த பட்டியலும் போனில் அடித்த சொல்லும் ஒட்டாமல் போவதற்கு இது ஒரு காரணம். சேமிக்கும்போதும் தேடும்போதும் நார்மலைஸ் ஃபங்ஷனை என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்ப்பது) வடிவத்தோடு அழையுங்கள். டெஸ்டில் இரண்டு வடிவத்தையும் யூனிகோட் எண்ணாலேயே எழுதுங்கள், 0BCB ஒரு பக்கம், 0BC7-உம் 0BBE-யும் மறுபக்கம். நேரடியாகத் தமிழில் அடித்தால் எடிட்டர் எதைச் சேமித்தது என்று கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. ஒரு எச்சரிக்கை: ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ‘ள’ எழுத்தும் அடிப்பவர்கள் உண்டு. அது வேறு எழுத்து, நார்மலைஸ் அதைத் தொடாது.

வரிசைப்படுத்தலும் அப்படித்தான். ஊர்ப் பெயர்களை வெறும் சார்ட்டில் போட்டால் களக்காடு முன்னாலும் கழுகுமலை பின்னாலும் வரும், யூனிகோட் அட்டவணையில் ‘ள’ முதலில், ‘ழ’ அடுத்து இருப்பதால். நம் நெடுங்கணக்கில் ய ர ல வ ழ ள. இண்டல்-கொலேட்டருக்குத் தமிழ் என்று சொல்லி ஒப்பிட்டால் கழுகுமலை முதலில் வரும். இந்த இரண்டு ஊரையும் வைத்து ஒரு டெஸ்ட் எழுதினால் போதும், வேறு உதாரணமே வேண்டாம்.

திரையை டெஸ்ட் செய்வது

டெஸ்டிங் லைப்ரரியில் ஒரு பட்டனைக் கண்டுபிடிக்க ‘பட்டன் என்ற ரோல், சேமி என்ற பெயர்’ என்று கேளுங்கள். சிஎஸ்எஸ் கிளாஸ் வைத்துத் தேடினால் டிசைன் மாறும் நாளில் எல்லா டெஸ்டும் விழும், ஒரு பிழையும் இல்லாமலே. உள்ளீட்டுப் பெட்டியை அதன் லேபிளால் தேடுங்கள். லேபிளால் கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் லேபிளும் பெட்டியும் இணைக்கப்படவில்லை என்று அர்த்தம்; திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள் வைத்திருப்பவருக்கும் அது கிடைக்காது. டெஸ்டுக்கென்றே ஒட்டுகிற டெஸ்ட்-ஐடி வேறு வழியே இல்லாத இடத்துக்கு மட்டும்.

மூன்று வகைத் தேடலைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் புகார் வருகிறது. கெட் என்று தொடங்குவது உடனே கிடைக்காவிட்டால் எரர் எறியும். கொயரி, இல்லாவிட்டால் நல் (எதுவும் இல்லை) என்று திருப்பும். ஃபைண்ட், வழக்கமாக ஒரு நொடி வரை திரும்பத் திரும்பப் பார்த்துக் காத்திருக்கும். ‘பிழைச் செய்தி வரவில்லை’ என்பதைக் கொயரியால் சரிபார்க்கும்போது கவனம் வேண்டும்: சர்வர் பதில் வருவதற்கு முன்பே பார்த்தால் செய்தி இருக்காதுதான். முதலில் ‘சிட்டை சேமிக்கப்பட்டது’ என்பது திரையில் வரும்வரை காத்திருங்கள். அதற்குப் பிறகு பிழைச் செய்தி இல்லையா என்று பாருங்கள்.

யூசர்-ஈவென்டின் 14-ஆம் பதிப்பு முதல் கிளிக், டைப் எல்லாமே அவெயிட் (முடியும்வரை காத்திரு என்ற சொல்) கேட்கும். ஒரு அவெயிட் விட்டுப்போனால் டெஸ்ட் சில நாள் பாஸ் ஆகும், சில நாள் ஆகாது. கோட் வரிகளைப் படித்துத் தப்புக் காட்டும் லின்ட்டில், மிதக்கும் பிராமிஸ்களை (யாரும் காத்திருக்காமல் விட்ட, பின்னால் வரும் விடைகளை) பிடிக்கிற விதியைப் போட்டுவிட்டால் இந்தத் தலைவலி போகும். அதோடு, வீடெஸ்டில் குளோபல்ஸ் ஆப்ஷன் போடாமல் ரியாக்ட் டெஸ்டிங் லைப்ரரியைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு டெஸ்டுக்கும் பின் திரை தானாகச் சுத்தமாகாது. இரண்டாவது டெஸ்டில் ‘சேமி பட்டன் ஒன்றுக்கு மேல் இருக்கிறது’ என்று அழுதால் அதுதான் காரணம். ஆஃப்டர்-ஈச்சில் கிளீன்அப்பை நீங்களே அழையுங்கள். லோக்கல் ஸ்டோரேஜையும் அங்கேயே காலி செய்யுங்கள்.

தொகையைத் திரையில் சரிபார்க்கும்போது இன்னொரு சின்ன முள். இண்டல்-நம்பர்-ஃபார்மட் சில மொழி அமைப்புகளில், சில பதிப்புகளில், ரூபாய்க் குறிக்கும் எண்ணுக்கும் நடுவே உடையா இடைவெளியைப் போடும். டெஸ்டிங் லைப்ரரி திரையில் உள்ள இடைவெளிகளைச் சாதாரண இடைவெளியாக்கி ஒப்பிடும். நீங்கள் கொடுக்கும் எதிர்பார்ப்பை அப்படி மாற்றாது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற இரண்டு வரி ஒட்டாமல் நிற்கும். ‘1,353.60’ என்ற எண் பகுதியை மட்டும் ரெஜெக்ஸால் (எழுத்து அமைப்பை வைத்துத் தேடும் முறை) தேடிவிட்டுப் போங்கள்.

முழுப் பக்கத்தை ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்து, அடுத்த முறை அதோடு ஒப்பிடுவது எனக்குப் பிடிக்காது. நானூறு வரி மாறியிருக்கிறது என்று காட்டினால் யார் படிப்பார்கள்? அப்டேட் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

ஜேஎஸ்டாம் பக்கத்தை வரைவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. எந்த உறுப்பின் அகலம் உயரத்தைக் கேட்டாலும் பூஜ்யம்தான். கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டைக்கு அடியில் ‘சேமி’ பட்டன் மறைந்துபோனாலும் ஜேஎஸ்டாமில் கிளிக் வெற்றிகரமாக நடக்கும். அந்த வகைப் பிழைக்குப் பிளேரைட்தான். அது கிளிக் செய்யும் முன் பட்டன் தெரிகிறதா, அசையாமல் இருக்கிறதா, இயங்கும் நிலையில் இருக்கிறதா, மேலே வேறு ஏதாவது மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அழுத்தும்.

சிக்னல் போகும்போது

மலையடிவாரத்தில், களக்காடு, மணிமுத்தாறு பக்கமெல்லாம், நெட் போவதும் வருவதும் இயல்பு. அதனால் ‘எல்லாம் நன்றாக நடந்தது’ என்ற டெஸ்டைவிட மற்றவைதான் முக்கியம். மாக் சர்வீஸ் ஒர்க்கர் நெட்வொர்க் மட்டத்திலேயே கோரிக்கையை மறித்து நாம் சொன்ன பதிலைத் தரும்; ஃபெட்சையே போலியாக மாற்றி எழுத வேண்டியதில்லை. அதில் கையாளப்படாத கோரிக்கைக்கு என்ன செய்வது என்ற ஆப்ஷனை ‘எரர்’ என்று வையுங்கள். இயல்பாக அது எச்சரிக்கை மட்டும் தரும், அந்த எச்சரிக்கையை யாரும் பார்ப்பதில்லை.

சர்வர் 500 (எனக்குள் பிழை) என்று பதில் சொன்னால் ஃபெட்ச் தோல்வி என்று சொல்லாது. கேட்ச் பகுதிக்கே போகாமல் நேராக ‘சேமிக்கப்பட்டது’ என்று திரையில் எழுதிவிட்டுப் போகும் கோட் எத்தனையோ. பதிலில் உள்ள ஓகே என்ற பண்பைப் பார்த்தால்தான் தெரியும். நெட் அறுவது போல கோரிக்கையே முறிந்தால்தான் ஃபெட்ச் எரர் எறியும். எனவே இரண்டுக்கும் தனித்தனி டெஸ்ட். மூன்றாவது, பதிலே வராமல் இழுப்பது: ஃபெட்சுக்கு நாம் நம்பக்கூடிய கால வரம்பு எதுவும் கிடையாது, அபார்ட்-சிக்னலின் டைம்அவுட்டை நாம்தான் கொடுக்க வேண்டும். மூன்று டெஸ்டிலும் ஒரே கேள்வி கேளுங்கள்: அடித்த எடையும் விலையும் பெட்டிக்குள் அப்படியே இருக்கிறதா? வரிசையில் நிற்கிற விவசாயி முன்னால் எல்லாவற்றையும் மறுபடி அடிக்க வைப்பதுதான் கடைக்காரருக்குப் பெரிய எரிச்சல்.

இரட்டை அழுத்தலைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். நெட் மெதுவாக இருந்தால் யாரும் ‘சேமி’யை இரண்டு முறை அழுத்தத்தான் செய்வார்கள். டெஸ்டில், சர்வர் பதிலை நம் கையில் உள்ள ஒரு பிராமிஸில் பிடித்து நிறுத்துங்கள். பட்டனை இரு முறை அழுத்துங்கள். பிறகு பிராமிஸை விடுங்கள். மாக் சர்வீஸ் ஒர்க்கரில் பதில் தரும் ஃபங்ஷன் எத்தனை முறை அழைக்கப்பட்டது என்று எண்ணுங்கள். ஒன்றாக இருக்க வேண்டும். முதல் அழுத்தலிலேயே பட்டனை முடக்கினால் இது பாஸ் ஆகும், ஆனால் சோலி முடியவில்லை. சர்வர் சிட்டையைச் சேமித்துவிட்டது, பதில் திரும்பும் வழியில் நெட் போய்விட்டது என்றால்? கடைக்காரர் மறுபடி அழுத்துவார், இரண்டாவது சிட்டை விழும். அதற்குச் சிட்டை திறக்கும்போதே ஒரு தனி அடையாளத்தை உருவாக்கி, எத்தனை முறை முயன்றாலும் அதையே அனுப்ப வேண்டும். ஒரே அடையாளத்தில் இரண்டாவது வந்தால் சர்வர் முதல் சிட்டையையே திருப்பித் தரும். டெஸ்ட்: முதல் கோரிக்கையை நெட்வொர்க் எரராக முடியுங்கள், இரண்டாவதை ஏற்றுக்கொள்ளுங்கள், இரண்டிலும் வந்த அடையாளம் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். அடையாளத்துக்குக் கிரிப்டோவின் ரேண்டம்-யூயூஐடி நல்லது. ஆனால் அது ஹெச்டிடிபிஎஸ்ஸிலும் லோக்கல்ஹோஸ்டிலும் மட்டும்தான் இருக்கும். லேப்டாப்பில் ஓட்டிவிட்டு, அதன் ஐபி முகவரியை வெறும் ஹெச்டிடிபியில் போனில் திறந்தால் அந்த ஃபங்ஷனே இல்லை என்று பக்கம் விழும்.

விவசாயி பெயரை அடிக்க அடிக்கத் தேடுகிற பெட்டியில் வேறொரு சிக்கல். ‘மு’ என்பதற்கான பதில் தாமதமாகி, ‘முத்து’ என்பதற்கான பதிலுக்குப் பிறகு வந்தால் பழைய பட்டியல் புதியதை மூடிவிடும். இதற்கும் இரண்டு பிராமிஸ்களைப் பிடித்து வைத்து, பிந்தையதை முதலில் விடுங்கள். திரையில் கடைசியாக நிற்பது ‘முத்து’வின் பட்டியலா என்று பாருங்கள். இதே பெட்டியில் கீடவுன் நிகழ்வை நம்பி எழுதியிருந்தால் ஆண்ட்ராய்டு கீபோர்டுகளில் பெரும்பாலும் 229 என்ற ஒரே எண்தான் வரும், எந்த எழுத்து என்று தெரியாது. இன்புட் நிகழ்வைப் பயன்படுத்துங்கள். யூசர்-ஈவென்ட் இந்தக் கீபோர்டு நடத்தையைப் போலச் செய்யாது. கையில் போனை வைத்து ஒரு முறை அடித்துப் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

பிளேரைட் எவ்வளவு

இந்தச் சிட்டைப் பக்கத்துக்கு நான்கைந்து போதும்: சிட்டை போட்டுச் சேமிப்பது, ஆஃப்லைனில் முயன்று நெட் வந்ததும் மறுபடி அனுப்புவது, சின்னத் திரையில் பட்டன் எட்டுகிறதா என்பது, அச்சடிக்கும் பக்கம். அதன் கான்டெக்ஸ்டில் (ஒரு பிரௌசர் அமர்வு) செட்-ஆஃப்லைன் இருக்கிறது, டைம்சோனையும் கொடுக்கலாம், 1.45 பதிப்பு முதல் கடிகாரத்தையும் நிறுத்தலாம். ‘இரண்டு நொடி காத்திரு’ என்று எங்கேயும் எழுதாதீர்கள். வேகமான மெஷினில் வீண், மெதுவான மெஷினில் போதாது. எக்ஸ்பெக்ட் தானாகவே ஐந்து நொடி வரை காத்திருக்கும். ரீட்ரை ஒன்று வைத்து, முதல் ரீட்ரையில் டிரேஸ் (படிப்படியாக நடந்ததன் பதிவு) எடு என்று சொல்லுங்கள். விழுந்த டெஸ்டை அடுத்த முறை பாஸ் ஆகிவிட்டது என்று விட்டுவிடாமல் டிரேஸைத் திறந்து பாருங்கள். இரட்டை அழுத்தல் வகைப் பிழைகள் முதலில் இப்படித்தான் முகம் காட்டும்.

டெஸ்டை டெஸ்ட் செய்வது

கவரேஜ் 95 சதவீதம் என்பது அந்த வரிகள் ஓடின என்பதை மட்டும் சொல்கிறது. விடையைச் சரிபார்க்காத டெஸ்டுக்கும் அதே சதவீதம் கிடைக்கும். தராசில் எடைக்கல்லை வைத்துப் பார்ப்பது போல, கோட் வரிகளை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். கமிஷன் கழிப்பதைக் கூட்டலாக்குங்கள், ஆசியா/கொல்கத்தாவை அழியுங்கள், பட்டனை முடக்கும் வரியை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு டெஸ்டாவது சிவப்பாக வேண்டும். ஸ்ட்ரைக்கர் என்ற கருவி இதையே தானாகச் செய்யும். முழுத் திட்டத்துக்கும் ஓட்டினால் நேரம் பிடிக்கும், கணக்கு ஃபைலுக்கு மட்டும் ஓட்டுங்கள்.

டெஸ்டின் பெயரைத் தமிழிலேயே எழுதுங்கள். ஜாவாஸ்கிரிப்டுக்கு அது வெறும் எழுத்துச் சரம், ஆட்சேபம் இல்லை. ‘5.30-க்கு முன் போட்ட சிட்டையில் அன்றைய தேதியே விழ வேண்டும்’, ‘நெட் போய் மறுபடி அழுத்தினால் ஒரே சிட்டைதான்’, ‘கமிஷனும் நிகரமும் சேர்ந்தால் மொத்தம்’. அண்ணாச்சிக்குக் காட்டினால் எது விட்டுப்போனது என்று அவரே சொல்வார்.

டெஸ்டே இல்லாத பழைய பக்கம் கையில் இருந்தால் எல்லாவற்றுக்கும் எழுத உட்காராதீர்கள். அடுத்து வரும் புகாரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘விலையை 600-லிருந்து 640 ஆக்கினேன், மொத்தம் மாறவில்லை’ என்கிறாரா? அதையே டெஸ்டின் பெயராக வையுங்கள். 2 கிலோ 350 கிராம் போட்டு, விலையை மாற்றி, 1,504.00 எதிர்பாருங்கள். திருத்துவதற்கு முன் ஓட்டி, விழும்போது என்ன சொல்கிறது என்று படியுங்கள். 1,504.00-க்குப் பதில் 1,410.00 இருக்கிறது என்று சொன்னால் புகாரைப் பிடித்துவிட்டீர்கள். ‘விலை என்ற பெட்டி கிடைக்கவில்லை’ என்று சொன்னால் டெஸ்ட் இன்னும் பிழையின் பக்கமே போகவில்லை, முதலில் லேபிளைச் சரிசெய்யுங்கள்.